நாலாம் நம்பர் மைக்

ரெமி மைக்செட் கடை வைத்திருந்தான். கல்யாணம், கட்சிக் கூட்டம், தேர்த் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் போவான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மட்டும் அவனை வேறு எங்கும் பார்க்க முடியாது. தன் பங்குக் கோயிலில், இடப்பக்க மூன்றாவது தூணை ஒட்டி, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். பதினைந்து வருஷமாக அந்தக் கோயிலில் எழுந்த சத்தமெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் போனது.

எட்டு மணிப் பூசையின் பாடகர் குழு அவனுடைய அக்கா மதலேனின் பொறுப்பில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் இறந்து ஒன்பது வருஷம். ரெமியின் வீட்டுக்கு அடுத்த வீடு; நடுவில் ஒரே சுவர். அவள் காலையில் குரல் பழகினால் ரெமி வீட்டில் காபி டம்ளர் அதிரும் என்று ஜெசிந்தா, ரெமியின் மனைவி, விளையாட்டாகச் சொல்வாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அது.

கோயிலில் இளையோர் இசைக்குழு ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீபோர்டு, கிடார், டிரம்ஸ், சுவரில் பாட்டு வரிகளைக் காட்ட ஒரு ப்ரொஜெக்டர். அதில் முன்னால் நின்று பாடுகிறவள் ரெமியின் மகள் அபிகேல். பத்தொன்பது வயது. வீட்டில் அபி.

ஜூன் மாதம் புதிதாக வந்த பங்குசாமியார், ஃபாதர் இருதயநாதன், எட்டு மணிப் பூசையை இரண்டு குழுவுக்கும் பிரித்துக் கொடுத்தார். வருகைப் பாட்டும், அப்பம் வழங்கும்போது பாடும் நன்மைப் பாட்டும் இளையோருக்கு. காணிக்கைப் பாட்டும் கடைசிப் பாட்டும் பழைய குழுவுக்கு. "நம்ம பிள்ளைங்க ஆத்தத் தாண்டி அரியாங்குப்பத்து ஜெபக்கூடத்துக்குப் போறாங்க. கேட்டா, இங்க தூக்கம் வருது ஃபாதர்ங்கறாங்க" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். பூசை நடுவில் வரும் 'தூயவர்' பாட்டு யாருக்கு என்று மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

அந்த ஞாயிறு, சாமியார் முகவுரை ஜெபத்தை முடித்ததும் இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் 'தூயவர்' என்று எடுத்தன. வார்த்தை ஒன்று, ராகம் வேறு. பழைய ராகம் மெல்ல ஏறியது. புது ராகம் டிரம்ஸோடு ஓடியது. அபி திரும்பி அத்தையைப் பார்த்தாள். மதலேன் பீடத்தைப் பார்த்தபடியே பாடினாள், நிறுத்தவில்லை. கூட்டம் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் தடுமாறியது. நடு வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அபி பாட்டை விட்டுவிட்டாள்.

பூசை முடிந்து அங்கிகளைக் கழற்றும் அறையில் ஃபாதர் ரெமியைக் கூப்பிட்டார்.

"ரெமி, நீங்கதான் பேலன்ஸ் பண்ணிப் பாத்துக்கணும். ரெண்டு சத்தமும் மோதிக்கக் கூடாது. யாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கத் தேவையில்ல."

"சரிங்க ஃபாதர்" என்றான் ரெமி.

வீட்டில் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மதியம் மதலேனும் அவர்களோடுதான் சாப்பிடுவாள். அபி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க நிறுத்தியிருக்கலாம் அத்தை. நான் சின்னப் பொண்ணுதானே, எல்லாரும் சிரிச்சாங்க."

"எதுக்குடி நிறுத்தணும்? சாமியாரு எங்களுக்குப் பாடாதன்னு சொல்லலியே."

"உங்க பாட்ட நாங்க யாரும் வெறுக்கல. எங்களுக்கு அது ஒட்டல. ஜெபம் பண்றப்ப எனக்கு என் மனசுல இருக்கறது வரணும். யாரோ நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது இல்ல."

மதலேன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க பாடறப்ப சனங்க உங்களப் பாக்கறாங்க. நாங்க பாடறப்ப பீடத்தப் பாக்கறாங்க. அவ்ளோதான் வித்தியாசம். மத்ததெல்லாம் பேச்சு."

அபி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது ரெமிக்குக் கேட்டது. மதலேன் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு ரெமி நாலாம் நம்பர் மைக்கின் சத்தத்தை இறக்கினான். அதுதான் மதலேனின் மைக். முதலில் 'தூயவர்' வரும்போது மட்டும். இளையோரின் ராகம் தெளிவாகக் கேட்டது, கூட்டமும் சேர்ந்து பாடியது. பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், "இன்னைக்கு நல்லா இருந்துச்சி" என்றார்கள். அபி சிரித்த முகத்தோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

மூன்றாவது ஞாயிறு, 'தூயவர்' முடிந்ததும் மறுபடி ஏற்ற வேண்டியதை அவன் கொஞ்சம் குறைவாகவே ஏற்றினான். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைவாக. அக்கா குரலைச் சின்னதாக்கினால் சண்டையும் சின்னதாகிறது என்று அவனுக்குத் தோன்றியது. ஜூலை நடுவில், மதலேன் தன் சொந்தப் பாட்டைப் பாடும்போதும் நாலாம் நம்பர் பாதிக்குக் கீழேயே நின்றது. கீபோர்டும் டிரம்ஸும் ஓங்கி நிறைந்த கோயிலில், அதற்குப் பிறகு வந்த அந்தப் பாட்டு தூரத்தில் எங்கோ பாடுவது போல இருந்தது.

அய்யப்பன் இதைக் கவனித்தான். வீராம்பட்டினத்துக்காரன், ரெமியோடு பத்து வருஷமாகத் தொழில் செய்கிறவன். மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று பழுதானதால் அந்த ஞாயிறு வந்திருந்தான்.

"இன்னாண்ணே, நாலாம் நம்பரு இவ்ளோ கீழ கெடக்குது? அக்கா பாடறது யாருக்கும் கேக்கலியே."

"ஃபாதர் பேலன்ஸ் பண்ணச் சொன்னாரு."

அய்யப்பன் மிக்சரைப் பார்த்தான். "பேலன்ஸுன்னா ரெண்டு பக்கமும் தான்ண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

அந்த வாரம் மதலேன் காலையில் குரல் பழகவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை ஜெசிந்தா அடுப்படியிலிருந்து வந்து ரெமியிடம் சொன்னாள்.

"உங்க அக்காவக் கூட்டிக்கிட்டு தொண்டை டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். உள்ள கேமரா விட்டுப் பாத்தாரு. வீங்கியிருக்காம். எதுக்கு இவ்ளோ கத்துனீங்கன்னு கேட்டாரு."

"கத்துனாளா?"

"கேக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க, அதனால இன்னும் ஒசத்திப் பாடுனேன்னு சொன்னாங்க. ஒசத்த ஒசத்த இன்னும் கேக்கலியாம். ஒரு மாசம் பேசவே கூடாதுன்னுட்டாரு." ஜெசிந்தா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வர்ற வழியில ஆட்டோவுல அழுதாங்க. அவங்க அழுது நான் பாத்ததே இல்ல."

ரெமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கடற்கரைச் சாலை முனை வரை வண்டியில் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினான். மதலேன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் மேஜையில் தன் பழைய கந்திக் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சிலும் தமிழிலும் கையால் எழுதிய பாட்டு நோட்டுகள். அவனைப் பார்த்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'மாதா திருநாளோடு நிறுத்திக்கொள்கிறேன். சாமியாருக்குச் சொல்லிவிட்டேன்.'

சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான். 'அக்கா' என்ற ஒரு சொல்தான் வந்தது. அவள் தலையை அசைத்து, பரவாயில்லை என்பது போலக் கையைக் காட்டினாள். தனக்காக அவன் வருத்தப்படுகிறான் என்று நினைத்துவிட்டாள். ரெமி வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி மாலை அபி அவனுடைய கடைக்கு வந்தாள். தோளில் லேப்டாப் பை. அய்யப்பன் சாமான் ஏற்றப் போயிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் ஹெட்போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மாட்டுங்கப்பா."

"என்னம்மா?"

"மாட்டுங்க."

மாட்டினான். அவன் அக்காவின் குரல். சுற்றிலும் வேறு சத்தமே இல்லாமல், பக்கத்தில் நின்று பாடுவது போல, முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல்.

"குழுவோட வீடியோவுக்காகப் போன மாசத்துப் பூசை ரெக்கார்டிங்க உங்க மிக்சர்லேர்ந்து எடுத்தேன்ல. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா இருக்குது, ஏத்தி இறக்கறதுக்கு முன்னாடி உள்ளபடியே. இது ஜூலை ரெண்டாவது ஞாயிறு. அன்னைக்குத்தான் அத்தைக்கு குரல் போயிடுச்சின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

ரெமி ஹெட்போனைக் கழற்றினான்.

"ரெக்கார்டிங்ல இருக்கற குரல் ஸ்பீக்கர்ல ஏன்ப்பா வரல?"

"ஃபாதர்தான்…"

"ஃபாதர் என்ன சொன்னாரு?"

"பேலன்ஸ்…"

"அத்தைய அமுக்கச் சொன்னாரா?"

வெளியே மறுநாள் சுதந்திர தினத்துக்காகத் தெருவில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நீ அன்னைக்கு அழுத அபி. என்னால பாக்க முடியல. உனக்காகத்தான்…"

"எனக்காகவா?" என்றாள் அபி. "நான் நல்லாப் பாடறேன், அதனாலதான் சனங்க எங்ககூட சேந்து பாடறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அத்தை வாயப் பொத்திட்டுத்தான் என்னை நிக்க வெச்சீங்களா? இப்ப நான் நல்லாப் பாடறேனா இல்லையான்னே எனக்குத் தெரியலப்பா."

"திருநாள் முடியட்டும். நான் அக்காகிட்ட சொல்றேன்."

"திருநாளோட அத்தை போறாங்க. முன்னாடி சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் மைக்குல சொல்லிடுவேன்."

அவள் ஹெட்போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள். கோயில் வாசல் வரை சனம். ரெமி ஆறரைக்கே வந்து மைக்குகளைச் சோதித்தான். அக்கா வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அவள் ஏழே முக்காலுக்கு வந்தாள். ஆனால் அவளைச் சுற்றிப் பழைய குழுப் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். பூசைக்கு மணி அடித்துவிட்டது. சரி, பிரசங்க நேரத்தில் மெல்லப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தான். பிரசங்கம் வந்தபோது அவன் எழுந்து போகாமல் ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். காணிக்கைப் பாட்டை மதலேன் பாடவில்லை, வேறொருத்தி பாடினாள். நன்மைப் பாட்டு வந்தது, முடிந்தது. ஒவ்வொன்று முடியும்போதும் பீடத்தின் வலப்பக்கத்திலிருந்து அபி அவனைப் பார்த்தாள். அவன் மிக்சரில் எரியும் சின்ன விளக்குகளைப் பார்த்தான்.

அறிவிப்பு நேரம். ஃபாதர் ஒலிவாங்கி முன் வந்தார்.

"இருபத்தாறு வருஷம் இந்தக் கோயில்ல பாடின மதலேன் அம்மா, உடல்நிலை காரணமா இன்னையோட ஓய்வு பெறுறாங்க. இன்னைக்குக் கடைசிப் பாட்டோட…"

கைதட்டல். மதலேன் பீடத்துப் படிக்குப் போனாள். ஃபாதர் அவள் தோளில் சால்வையைப் போர்த்தினார். அவள் கும்பிட்டாள். பேசச் சொல்லிச் சைகை காட்டியபோது தொண்டையைத் தொட்டுக் காட்டி மறுத்தாள். முன் வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அப்போது அபி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"அத்தைக்கு குரல் போகல" என்றாள். கோயில் முழுதும் கேட்டது. "அப்…"

ரெமியின் விரல் அபியின் மைக்கான ஒன்றாம் நம்பரை அடிவரை இழுத்துவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. சுடுகிற பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போல நடந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் அடங்கின. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அபியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மதலேன் அவளிடமிருந்து நாலு அடி தூரத்தில் நின்றாள். மைக் இல்லாத அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது.

மதலேன் முதலில் அபியைப் பார்த்தாள். பிறகு மேலே, தூணில் மாட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, மூன்றாவது தூணைப் பார்த்தாள். ரெமியின் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

அவள் படியிறங்கி வந்தாள். தம்பியைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துச் சிலர் மறுபடி கைதட்டினார்கள். மிக்சருக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு மாதமாக அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"என்னுது எது?" என்றாள். கரகரத்த குரல்.

"நாலு."

"எங்க இருக்கணும் அது?"

காட்டினான்.

"எங்க இருந்துச்சி?"

அவன் விரலைக் கீழே கொண்டுவந்து காட்டினான்.

"எத்தினி வாரமா?"

"ஜூன்லேர்ந்து."

கைதட்டல் நின்றிருந்தது. கோயிலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதலேன் சால்வையை எடுத்து நாலாக மடித்து மிக்சர் ஓரத்தில் வைத்தாள். "எனக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சேன்டா" என்றாள். "மேல ஏத்து. என் பொண்ணுதையும் ஏத்து." 'என் பொண்ணு' என்று அவள் சொன்னது அபியை.

அவன் இரண்டையும் ஏற்றினான்.

கடைசிப் பாட்டை மதலேனே பாடினாள். டாக்டர் சொன்னதை மீறித்தான் பாடினாள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது சரணத்தில் ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. அந்த உடைசலை ஸ்பீக்கர்கள் வாசல் வரை கொண்டுபோயின. அவள் நிறுத்தவில்லை. கீழே இறங்கி, மூச்சு வாங்கி, மீண்டும் பிடித்தாள். இளையோர் குழுவில் யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை. அபி மைக்கை வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

பூசைக்குப் பிறகு அங்கி அறையில் பங்குப் பேரவைக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஃபாதரின் முகம் வெளுத்திருந்தது.

"நான் பேலன்ஸ் பண்ணச் சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன்."

"ஆமாங்க ஃபாதர்" என்றான் ரெமி. "நீங்க அவ்ளோதான் சொன்னீங்க. இறக்குனது நான். அக்கா சண்டை போடாம இருக்கணும், மக அழாம இருக்கணும்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சேதான் பண்ணேன்."

ஃபாதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், எழுதி வைத்ததைப் படிப்பதற்கு முன், அவர் சொன்னார்: "யாருக்கும் சொல்லத் தேவையில்லன்னு ரெமிகிட்ட சொன்னது நான்தான். அத நான் சொல்லியிருக்கக் கூடாது."

செப்டம்பரில் கூட்டம் போட்டார்கள். மதலேன் இரண்டு காரியம் கேட்டாள். 'தூயவர்' ஒரு வாரம் பழைய ராகம், ஒரு வாரம் புது ராகம். ஒரு குழு பாடும்போது மற்றது வாயைத் திறக்கக் கூடாது, தானும் சேர்த்துத்தான். இரண்டாவது, மிக்சரில் அய்யப்பன் உட்கார வேண்டும்.

"அவன் நம்ம ஆளு இல்லியேம்மா" என்றார் ஒருவர்.

"அதான் வேணும். அவனுக்கு எந்தப் பாட்டு மேலயும் ஆசை இல்ல."

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. பழைய குழுவில் மூன்று பேர் டிரம்ஸே இல்லாத ஆறு மணிப் பூசைக்கு மாறிவிட்டார்கள். கிடார் வாசித்த பையன் அரியாங்குப்பத்துக்கே போய்விட்டான். அபி இரண்டு வாரம் பாடவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மதியம் அத்தை வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அப்பால் இரண்டு குரல்களும் உரக்கப் பேசிக்கொள்வது கேட்டது. சண்டையா சமாதானமா என்று ரெமியால் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த வாரம் அபி மறுபடி குழுவில் நின்றாள். தன் பாட்டில் ஒரு இடத்தில் சத்தத்தைக் குறைத்து, டிரம்ஸை நிறுத்தச் சொல்லி, சனங்களை மட்டும் பாடவிட்டாள். அந்த யோசனை யாருடையது என்று ரெமி கேட்டதற்கு, "எனக்கே தோணுச்சி" என்று மட்டும் சொன்னாள்.

ரெமி கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தான். கையில் வேலை இல்லாமல் பூசை பார்ப்பது அவனுக்குப் பழக்கமில்லை. அக்கா பாடும் வாரங்களில் தலையைக் குனிந்துகொள்வான். மதலேன் ஞாயிறு மதியம் சாப்பிட வருவதை நிறுத்தியிருந்தாள். ஜெசிந்தாவோடு பேசுவாள். அபியோடு பேசுவாள். வாசலில் ரெமி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள், அந்நிய ஆளுக்கு விடுவது போல. இரண்டு முறை அவன் மன்னிப்புக் கேட்டான். இரண்டு முறையும் அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரெமி சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு அப்பா அம்மா கல்லறைக்குப் போனபோது மதலேன் அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். குனிந்து பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்றான். பக்கத்துக் கல்லறைகளில் குடும்பம் குடும்பமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே காலியான வாளியை அவன் பக்கம் தள்ளினாள்.

"தண்ணி கொண்டா" என்றாள்.

ரெமி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். அங்கே பெரிய வரிசை நின்றது. அவன் போய்க் கடைசியில் நின்றுகொண்டான்.